பச்சைப் புள்ளியும் ஈரிழைத் துண்டும்: நரிக்குடி வட்டார முன்னிலையியல், ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

இவ்வாய்வுக்கான தேவை ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் 11.42 மணிக்கு எழுந்தது. கட்டுரையாளர் நரிக்குடியில் தம் வீட்டு முன்கட்டில் மடிக்கணினியைத் திறந்துவைத்துவிட்டு, அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிக் கணக்கு ஒன்று இரண்டு இடத்தில் இரண்டு விடை சொன்னது. ஏன் என்று பிடிபடாமல் மூன்று நாள் ஓடியிருந்தது. அன்று இருபது நிமிடத்தில் பிடிபட்டது. அந்த மாதச் சம்பளத்துக்கு அவர் உருப்படியாகப் பார்த்த வேலை அந்த இருபது நிமிடம்தான். அதில் பதினைந்து நிமிடம் அலுவலக அரட்டைத் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புள்ளி மஞ்சளாக இருந்தது. மஞ்சள் என்றால் ஆள் இல்லை.

மறுநாள் அவர் இடது கையால் மவுசை ஆட்டிக்கொண்டே, வலது கையில் செல்போனைப் பிடித்துக் கிரிக்கெட் பார்த்தார். நாள் முழுக்கப் பச்சை.

வேறோர் ஊரில் இருக்கும் மேலாளர் மஞ்சளுக்கு விளக்கம் கேட்டார். பச்சையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாரக் கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆவணம் வந்தது. பணிநேரத்தில் இருப்பு நிலையைப் பேணுவது எப்படி என்று 14 பக்கம். முதல் ஐந்து பக்கம் வரையறை. அதில் ஒரு முழுப் பக்கம் 'இருத்தல்' என்றால் என்ன என்பதற்கு. படித்து முடித்தபோது இரண்டு விஷயம் தெளிவாயின. இதை எழுதியவருக்கு நிறைய நேரம் இருக்கிறது. கட்டுரையாளருக்கும் இருக்கிறது.

கம்பெனியின் பெயர், ஆய்வு நெறி கருதியும் மாதத்தின் முதல் தேதி கருதியும், இங்கே சொல்லப்படவில்லை.

2. சொல்லாராய்ச்சி

தமிழ் ஆய்வில் ஒரு பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்தது. பல நேரம் முழு ஆய்வும் முடிந்துவிடும். எனவே முதலில் பெயர்.

'பிரசன்ஸ்' என்று வெள்ளைக்காரன் சொல்வதை 'இருப்பு' என்கிறார்கள் சிலர். நரிக்குடியில் இது செல்லாது. ரேஷன் கடைப் பலகையில் அரிசி, சீனி, பருப்பு, பாமாயில் என்று வரிசையாக எழுதி நேராகப் போட்டிருக்கும் சொல் அது. 'மேலாளரின் இருப்பு' என்று சொன்னால், எத்தனை கிலோ என்று கேட்பார்கள்.

'வருகை' என்கிறார்கள் வேறு சிலர். இது பள்ளிக்கூடத்துச் சொல். வாத்தியார் பெயர் வாசிப்பார், பையன் 'உள்ளேன் ஐயா' என்பான். குரல்தான் சான்று. ஒருவனே மூன்று பேருக்கு மூன்று குரலில் 'உள்ளேன் ஐயா' சொன்ன வகுப்பில் கட்டுரையாளர் படித்திருக்கிறார். அந்தக் குரல் இப்போது அரசியலில் இருக்கிறது.

மூன்றாவது சொல் 'முன்னிலை'. கட்டுரையாளரின் முடிவு இதுவே. ஏனெனில் நம் ஊர் விழா நோட்டீசைப் பாருங்கள். 'தலைமை' என்று ஒருவர் பெயர் இருக்கும். அவர் தாமதமாக வருவார். 'வரவேற்புரை' என்று ஒருவர். அவர் சீக்கிரம் வந்து நாற்காலி எண்ணுவார். அதற்குக் கீழே 'முன்னிலை' என்று பன்னிரண்டு பெயர் இருக்கும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரையும் எந்த மேடையிலும் எவரும் கண்டதில்லை (டீக்கடை பெஞ்சு, மாலை 4.10). பெயர் முன்னால் இருக்கும், ஆள் இருக்கமாட்டார் என்ற நுட்பமான பொருளை எந்தக் கலைச்சொல் குழுவின் உதவியும் இல்லாமல் அச்சகத்துக்காரர்கள் இந்தச் சொல்லுக்கு ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

இலக்கணமும் இதற்கு இடம் தருகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று தொல்காப்பியம் மூன்று இடம் வகுத்தது. பேசுபவன், கேட்பவன், பேசப்படுபவன். திரையில் பெயர் இருந்து, பச்சையும் எரிந்து, நான்கு கேள்விக்கும் பதில் வராத ஒருவரை எந்த இடத்தில் வைப்பது? முன்னிலைப் படர்க்கை என்று நான்காவதாக ஒன்று வேண்டும். சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனது தமிழுக்கு இழப்பு. அவர்கள் எதைச் சொன்னாலும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்திருப்பார், நமக்கு இரண்டு முனைவர் பட்டம் கிடைத்திருக்கும்.

'ஸ்டேட்டஸ்' என்பதே 'நிலைத்தது' என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு என்றும், குமரிக்கண்டத்தில் பச்சைப் புள்ளி புழக்கத்தில் இருந்தது என்றும், சான்று கேட்டால் அது கடலோடு போய்விட்டது என்றும் சொல்லும் நண்பர் ஒருவர் கட்டுரையாளருக்கு உண்டு. 1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டைச் சுவரில் மருதிருவர் ஒட்டிய அறிக்கைதான் உலகின் முதல் ஸ்டேட்டஸ் என்றும், அவர்கள் பிறந்த முக்குளம் நரிக்குடிக்குப் பக்கம் என்பதால் வாட்ஸாப்புக்கு ராயல்டி கேட்கலாம் என்றும் அவர் ஒரு கட்டுரை எழுதிவைத்திருக்கிறார். வெளியிடாமல் தடுத்து வைத்திருக்கிறோம். அவர் பிடிவாதக்காரர். ஏதாவது பன்னாட்டுக் கருத்தரங்க மலரில், ஐஎஸ்பிஎன் எண்ணோடு, பணம் கட்டிய ரசீதோடு அது வந்தே தீரும்.

3. முன்னோர் ஆய்வுகள்

ஆள் இருக்கிறாரா என்று கம்ப்யூட்டரிடம் கேட்கும் கலைக்கு மூதாதை 'ஃபிங்கர்'. ஸ்டான்ஃபோர்டு செயற்கை அறிவுக் கூடத்தில், கணினியில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவித் தேடும் சகாக்களைப் பார்த்த லெஸ் எர்னஸ்ட் என்பவர், 1971இல் அந்தத் தேடலைச் செய்ய ஒரு நிரல் எழுதி அதற்கு விரல் என்றே பெயர் வைத்தார். இல்லாதவர் எங்கே போனார், எப்போது வருவார் என்று எழுதிவைக்க 'பிளான்' என்று ஒரு கோப்பும் இருந்தது. நம் பக்கத்தில் இதைச் சாக்பீசால் கதவிலேயே எழுதிவிட்டுப் போவார்கள்: 'சாவி மாடத்தில்'. களவாணிக்கும் அதுதான் பிளான்.

1996இல் இஸ்ரேலின் மிராபிலிஸ் கம்பெனி ஐசிக்யூவை விட்டது. ஆள் இருந்தால் பச்சைப் பூ, இல்லையென்றால் சிவப்புப் பூ. பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த தலைமுறை அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே பல மணிநேரம் காத்திருந்தது. 2024 ஜூன் 26 அன்று அந்தக் கடையை மூடிவிட்டார்கள். பூ வாடிய செய்தி அந்தத் தலைமுறைக்கு வாட்ஸாப்பில்தான் வந்தது.

பண்டிதம் தொடங்குவது 2000 பிப்ரவரியில். அந்த மாதம் வெளியான ஆர்எஃப்சி 2778 என்ற ஆவணம் முன்னிலையியலின் நன்னூல். அதன்படி, இருப்பவர் ஒரு 'பிரசன்டிட்டி'. அவரைப் பார்ப்பவர் 'வாட்சர்'. பார்ப்பவரில் இரண்டு வகை: தேவைப்படும்போது கேட்டுத் தெரிந்துகொள்பவர் 'ஃபெட்சர்', நிலை மாறும்போதெல்லாம் தகவல் தானாக வந்து சேரும்படி ஏற்பாடு செய்துகொண்டவர் 'சப்ஸ்கிரைபர்'. ஃபெட்சரிலேயே குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து கேட்பவருக்கு 'போலர்' என்று தனிப்பெயர். இதைப் படித்ததும் கட்டுரையாளருக்கு மெய்சிலிர்த்தது. சப்ஸ்கிரைபர் எங்கள் எதிர்வீட்டு அத்தை. ஃபெட்சர் கரண்ட் பில் கணக்கெடுக்க வருபவர். போலர், குழு லோன் வசூலுக்கு வியாழக்கிழமைதோறும் பைக்கில் வரும் தம்பி. எங்கோ உட்கார்ந்து எங்கள் தெருவை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே குறை, போலர் வரும்போது வீட்டில் எல்லோரும் சாம்பல் நிறத்துக்கு மாறி, சின்னப் பிள்ளை ஒன்று மட்டும் வாசலுக்கு வந்து 'அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க' என்று அறிவிக்கும் முறையை அந்த ஆவணம் கையாளவில்லை.

2006 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 4480 இன்னும் ஒருபடி மேலே போனது. வெறுமனே இருக்கிறார், இல்லை என்றால் போதாது, என்ன செய்கிறார் என்றும் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டது. காலை உணவு, இரவு உணவு, உறக்கம், டிவி, கடைக்குப் போதல், வண்டி ஓட்டுதல், வழிபாடு, வேலை தேடுதல், இப்படி. வேலை பார்க்கும் இடத்துக் கருவியில் 'வேலை தேடுகிறேன்' என்று புள்ளி வைக்கச் சொன்னவர்களின் வெள்ளை மனசை என்னவென்பது! பட்டியலில் 'நிரந்தர இன்மை' என்றும் ஒன்று உண்டு. திரும்பி வரப்போவதில்லை என்று பொருள். வேலையை விட்டுப் போனவருக்குச் சொன்னது. நம் ஊரில் கேட்டால் வேறு பொருள் சொல்வார்கள்.

இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள் துட்டியை விட்டுவிட்டார்கள். துட்டி கேட்கப் போனவன் எப்போது வருவான் என்று எந்த நிரலாலும் கணிக்க முடியாது. எடுக்கிற நேரத்தைப் பொறுத்தது. மொய் எழுதப் போதல், கிடா வெட்டு, விருந்தாடி வந்திருத்தல் ஆகிய மூன்றும்கூடப் பட்டியலில் இல்லை. இவை நான்கையும் கழித்துவிட்டால் நரிக்குடி ஒன்றியத்தில் ஒரு மனிதன் எங்கேயும் போவதற்குக் காரணமே கிடையாது (மேற்படி பெஞ்சு, சுவர் ஓரம், இரண்டாம் டீக்கு முன்).

வாட்ஸாப்புக்கு ஒரு வரி போதும்: 2009இல் அது பிறந்தபோது பேசுவதற்காகப் பிறக்கவில்லை, பெயருக்குப் பக்கத்தில் 'ஜிம்மில் இருக்கிறேன்', 'பேட்டரி குறைவு' என்று நிலை போடத்தான் பிறந்தது. சோஹோவுக்கு இரண்டு வரி. அலுவலகத்துக்கு விற்கும் பொருளுக்குக் 'கிளிக்' என்றும், பொதுமக்களுக்கு விட்டதற்கு 'அரட்டை' என்றும் தென்காசிப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் அந்தக் கம்பெனி பெயர் வைத்திருக்கிறது. கட்டுரையாளரின் அனுபவத்தில் பெயர்கள் இடம் மாறியிருக்க வேண்டும்.

4. நிறங்கள்

பச்சை: மவுஸ் நகர்கிறது.

சிவப்பு: நாட்குறிப்பில் கூட்டம் என்று போட்டிருக்கிறது. ஆள் கூட்டத்தில் இருக்கிறாரா என்பது தனி ஆய்வு.

சிவப்புக்குள் வெள்ளைக் கோடு: தொந்தரவு செய்யாதே. மேலாளர்களுக்கு மட்டும் உரியது.

ஊதா: ஊருக்குப் போயிருக்கிறார். ஊரிலேயே இருப்பவருக்கு இது வாய்ப்பதில்லை.

சாம்பல்: கரண்ட் போய்விட்டது.

மஞ்சளுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் தேவை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் ஐந்து நிமிடம் மவுசையும் விசைப்பலகையையும் தொடாமல் இருந்தால் புள்ளி தானாக மஞ்சளாகிவிடும். கணினியைப் பூட்டினால் உடனே மஞ்சள். இந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. நரிக்குடியில் 'அஞ்சு நிமிசம்' என்பது காலத்தை அளக்கும் அளவை அல்ல, மரியாதை. பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் போனில் 'அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்' என்றால் இன்னும் பஸ்ஸே வரவில்லை என்று அர்த்தம். கல்யாண வீட்டில் 'அஞ்சு நிமிசம்' என்றால் இலை போட ஒரு மணிநேரம். தாலுகா ஆபீசில் சொன்னால் நாளைக்கு வா. எங்கள் ஊர் ஐந்து நிமிடத்தை அப்படியே டீம்ஸில் ஏற்றினால் மஞ்சள் என்ற நிறமே அதற்குத் தேவைப்படாது.

கூடவே ஒரு சொல்லிலக்கணச் சிக்கல். கிளம்பும்போது தமிழன் 'போறேன்' என்று சொல்லமாட்டான். அபசகுனம். 'வர்றேன்' என்பான். வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பஸ் ஏறித் திருப்பூருக்கே போகிறவனும் 'வர்றேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான். போவதை வருவதாக அறிவிக்கும் ஒரு மொழியில், வெளியே போயிருக்கிறார் என்பதற்கு ஒரு நிறத்தை ஒதுக்கியவர்கள் எங்களைக் கலந்து செய்யவில்லை.

ஐந்து நிமிடக் கணக்கின் விபரீதத்துக்குப் பக்கத்துத் திருச்சுழியே சாட்சி. 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். ரமண மகரிஷி ஆனார். 1950 ஏப்ரலில் உடல் நீங்கும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், அந்த ஊரை விட்டு நகரவில்லை. வந்தவருக்கெல்லாம் தரிசனம் உண்டு. பதில் பெரும்பாலும் மௌனம். இவ்வளவு உறுதியாக ஓரிடத்தில் இருந்த இன்னொரு மனிதரை இந்த மாவட்டம் தந்ததில்லை. டீம்ஸ் அவரை ஆறாவது நிமிடம் மஞ்சளாக்கியிருக்கும்.

5. துண்டு

இனி ஆய்வின் மையம். 14 பக்க வழிகாட்டியில் எங்கும் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உலக முன்னிலையியல் ஆவணங்களிலும் இல்லை. இது வெறும் கவனக்குறைவு என்று கட்டுரையாளரால் நம்ப முடியவில்லை.

அருப்புக்கோட்டை பஸ் நரிக்குடி நிறுத்தத்துக்குள் திரும்பும்போதே, வண்டி நிற்கும் முன்னரே, ஜன்னல் வழியாக ஈரிழைத் துண்டு ஒன்று உள்ளே போகும். அது சீட்டில் விழுந்த கணத்தில் ஆள் உட்கார்ந்தாயிற்று. உடம்பு படிக்கட்டு வழியாகப் பின்னால் வரும். புள்ளிக்கும் ஆளுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்ட ஒரு பெரிய கம்பெனிக்கு ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கும்.

எல்லாப் பொருளும் துண்டு ஆகாது. கர்சீப் பலவீனம், மேலே உட்கார்ந்துவிட்டுத் தெரியவில்லை என்பார்கள். தண்ணீர் பாட்டில் உருண்டுவிடும். பேப்பர் போட்டால் எடுத்துப் படிப்பார்கள். வத்தல் மூட்டை பலம்தான், ஆனால் அதற்கு டிக்கெட் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல் குழந்தை. ஜன்னல் வழியாகக் குழந்தையை உள்ளே விட்டு இடம் பிடித்தால் அதற்கு மேல்முறையீடு இல்லை (பெஞ்சு, ஆடும் கால் பக்கம், மறுப்பு: அதே பெஞ்சு, ஆடாத கால் பக்கம், குழந்தை மடியில் உட்காரும் வயது என்றால் செல்லாது).

ஒரே சீட்டில் இரண்டு துண்டு விழுந்தால் எது முதல்? கீழே கிடப்பதே மூத்தது என்பது அடுக்காய்வு முறை. கீழடியில் மண்ணுக்குப் பொருந்துவது பஸ்ஸில் துண்டுக்கும் பொருந்த வேண்டும். ஆனால் கீழ்த்துண்டின் காலத்தை ஒருவர் சொன்னால், இன்னொருவர் வந்து திருத்தி எழுதச் சொல்வது அங்கே போலவே இங்கேயும் நடப்பதால், இதற்கு மேல் கட்டுரையாளர் தோண்டவில்லை.

6. துண்டு (தொடர்ச்சி)

இப்போது துண்டியலின் மிகப் பெரிய வழக்குக்கு வருகிறோம். பெஞ்சு இதை மூன்று விதமாகச் சொல்கிறது. கட்டுரையாளர் மூன்றையும் ஒப்பிட்டுச் செம்பதிப்பாகத் தருகிறார்.

ஒருவர் துண்டு போட்டார். போட்டுவிட்டு, வண்டி கிளம்ப 'அஞ்சு நிமிசம்' ஆகும் என்று நினைத்து டீ குடிக்கப் போனார். வண்டி கிளம்பிவிட்டது. ஆள் நரிக்குடியில், துண்டு பஸ்ஸில். கூட்டம் நெருக்கியும் அந்தச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. துண்டு கிடக்கிறதே! ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு திருச்சுழி வரை நின்றே போனார். ஒருவர் உட்காரப் போனபோது பக்கத்துச் சீட்டுக்காரர் 'ஆள் வருது' என்று தடுத்திருக்கிறார். ஆள் வருவதை அவர் எப்படி அறிந்தார் என்பதற்கு எந்தப் பிரதியிலும் விளக்கம் இல்லை. அருப்புக்கோட்டையில் எல்லோரும் இறங்கியபின் கண்டக்டர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாயங்கால நடையில் துண்டு நரிக்குடிக்குத் திரும்பியது. அதே டீக்கடையில் அதே ஆள் இருந்தார். துண்டை வாங்கிக்கொண்டு, 'அருப்புக்கோட்டையில மழையா?' என்று கேட்டார்.

(பெஞ்சு, மூன்றாம் பாடம், மின்வெட்டு நேரம்; 'மழையா' என்பதற்கு 'வெயிலா' என்று பாடபேதம். முதல் பாடத்தைச் சொன்னவர், அந்தத் துண்டுக்காரர் தாமல்ல என்று எவரும் கேட்காமலே மும்முறை மறுத்திருப்பதால் அவர் பாடம் நம்பகமானதாகக் கொள்ளப்படுகிறது. இரண்டாம் பாடத்தில் துண்டு திரும்பவில்லை. அப்பாடத்தின் ஆசிரியர் அந்தக் கண்டக்டருக்குக் கடன் கொடுத்தவர் என்பதைக் கருத்தில் கொள்க. உரை எழுத முன்வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், துண்டு என்பது ஆன்மா, பஸ் என்பது உடல், கண்டக்டர் என்பவர் குரு என்று தொடங்கியதால் பெஞ்சு கலைந்தது.)

வேலை நேரம் முழுக்க ஆள் இல்லாமலே ஓர் இடம் ஆளாக மதிக்கப்பட்டிருக்கிறது. அதற்காக ஒரு முதியவர் நின்றிருக்கிறார். கேட்டவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சாட்சி சொல்லியிருக்கிறார். கட்டுரையாளர் கிரிக்கெட் பார்த்த அந்தப் புதன்கிழமைக்கும் இதற்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

7. துண்டு (இன்னும்)

அலுவலகத் துண்டு வேறு இனம். அதிகாரி நாற்காலியின் முதுகில் மாட்டிய வெள்ளை டர்க்கி டவல். இது எப்போதும் பச்சை. எந்த ஊர் என்று கேட்கக் கூடாத ஓர் அலுவலகத்தில் அரை நாள் நின்று கட்டுரையாளர் சேகரித்தவை: பேனா மூடி திறந்திருந்தால் ஆள் இந்தக் கட்டடத்துக்குள்தான். கண்ணாடிக் கூடு மேசையில் இருந்தால் டீ. ஃபேன் ஓடுகிறது, கண்ணாடிக் கூடு இல்லை என்றால் 'கேம்ப்'. சாப்பாட்டுத் தூக்கு இருந்தால் சாப்பிட வருவார், அப்போது பிடிக்கக் கூடாது, சாப்பிட்டபின் பிடிக்க வேண்டும். வெறும் டவல் மட்டும் என்றால் ஆர்எஃப்சி 4480இன் நிரந்தர இன்மை. இந்த வாசிப்பு முறையை மனு கொடுக்க வந்த ஒரு பாட்டி மூன்று நிமிடத்தில் கற்றுத்தந்தார். அவருக்குக் கையெழுத்துப் போட வராது.

அறிஞர் உலகில் இதன் வடிவம் கருத்தரங்க நாற்காலி. காலை பத்துக்கு எல்லா நாற்காலியிலும் ஒரு கோப்பு, ஒரு பேனா, ஒரு பை. தம் கட்டுரையை வாசித்தவர் கோப்பை வைத்துவிட்டு எழுவார், பை கிடக்கும். மதியம் பிரியாணி என்றால் பை சான்றிதழ் வரைக்கும் கிடக்கும். சைவம் என்றால் பன்னிரண்டரைக்கே பையும் போய்விடும். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிக் கருத்தரங்கு வந்ததும் பையும் தேவையற்றுப் போனது. பெயர் எழுதிய கறுப்புக் கட்டம் ஒன்று போதும். அந்த வருடம் கட்டுரையாளரின் உறவினர் ஒருவர், ஒரே முற்பகலில், இரண்டு போனிலும் ஒரு மடிக்கணினியிலுமாக மூன்று மாநிலங்களில் கலந்துகொண்டு மூன்று சான்றிதழ் பெற்றார். அப்போது அவர் கண்மாய்க்கரையில் ஆடு பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகள் அனைத்தும் இருந்தன.

8. கள ஒப்பீடு

பச்சைக்கு மவுஸ் ஆட்டும் கருவியே தனியாக விற்பனைக்கு உண்டு. தட்டின் மேல் மவுசை வைத்தால் அதுவே மெதுவாக அசைத்துக்கொண்டிருக்கும். 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் காட்டினார்கள் என்று ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கியது. ஆளைப் பார்க்காமல் மவுசைப் பார்த்தால் மவுசுக்குத்தான் ஆள் போடுவார்கள்.

எங்கள் ஒன்றியத்திலும் புள்ளி உண்டு. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு வருகையை என்எம்எம்எஸ் என்ற செயலியில்தான் பதிய வேண்டும் என்றானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, நேரமும் இடமும் ஒட்டிய படம். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று. அது துண்டு. இன்னொரு பக்கமும் உண்டு. கண்மாய்க்குள் சிக்னல் கிடைக்காமல் படம் ஏறவில்லை என்றால், அன்றைக்கு அந்த அக்கா வெட்டிச் சுமந்த மண் சுமக்காத மண்ணாகிவிடும். கண்மாய்க்கரையில் மண் இருக்கும், புள்ளி இருக்காது. கட்டுரையாளருக்கு மஞ்சள் விழுந்தால் மேலாளரின் ஒரு வரி வரும். அங்கே கூலி போகும். 14 பக்கம் எழுதியவர்களில் யாரும் அங்கே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றதில்லை.

9. நன்றியுரை

களப்பணிக்காகக் கட்டுரையாளர் பெஞ்சில் கழித்த பதினோரு பிற்பகல்களிலும் அவர் பெயருக்குப் பக்கத்துப் புள்ளி பச்சையாகவே இருந்தது. அதற்குக் காரணமான அம்மாவுக்கு நன்றி. வத்தல் காம்பு கிள்ளும் சுளகை மடிக்கணினிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, விரல் எரியும் என்பதால் புறங்கையால், பத்து வத்தலுக்கு ஒரு தடவை மவுசைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று அவருக்குக் கடிகாரம் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் நெடி ஏறித் தும்மியதில் அவர் முழங்கை விசைப்பலகையில் பட்டு, 'கே' என்ற ஆங்கில எழுத்து நாற்பது தடவையும் அதன்மேல் அனுப்பும் விசையும் அழுந்திவிட்டன. கட்டுரையாளர் திரும்பி வந்து பார்த்தபோது அதற்குக் கீழே மேலாளரின் கட்டைவிரல் இருந்தது. 'கே' என்றால் ஓகே என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு பேரும் கட்டைவிரல் வைத்திருந்தார்கள். உடனுக்குடன் பதில் சொல்வதற்குப் பாராட்டும் எழுதியிருந்தார்.

அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, சுளகைப் புடைத்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப நாளைக்கும் அங்கிட்டே இருந்து டீயக் குடிச்சிட்டு மெதுவா வா. இன்னும் ரெண்டு மூடை கெடக்கு."